படத்தொகுப்பாளரின் கூலியும் பெயரும்
(சீனத்துத் திரை வரலாற்றில் ஒரு பகுதி)

திரைப்படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வெளியே வரும் நாம் நடிகரின் பெயரைச் சொல்கின்றோம். பாட்டின் முதலடியை முணுமுணுக்கின்றோம். சற்றுக் கூர்ந்து நோக்குபவராயின் நெறியாளரின் பெயரையும் நினைவில் வைத்துக்கொள்கின்றோம். இருட்டறையொன்றில் மாதக்கணக்காக அமர்ந்து, ஆயிரக்கணக்கான அடி பிலிமை வெட்டியும் ஒட்டியும் அப்படத்துக்கு உருவங் கொடுத்த தொகுப்பாளர் யார் என்று கேட்பவர் நம்மில் மிகச் சிலரே. கட்டடத்தைப் புகழ்ந்து கொத்தனை மறப்பது உலக வழக்கம். திரையுலகில் இவ்வழக்கம் இன்னும் ஒருபடி மேலே சென்றுள்ளது எனலாம். தொகுப்பு நன்றாக அமைந்துவிட்டால் அது கண்ணுக்குத் தெரிவதேயில்லை. தெரியாத வேலைக்குப் புகழுமில்லை.

தொழில் வல்லுநர் ஒருவரைக் கூலிக்கு அமர்த்தும்போது உண்மையில் வாங்கப்படுவது யாது? அவருடைய நேரமா, கைத்திறனா, அறிவா, அன்றி அவருடைய பெயருமா? இவ்வினாவுக்குச் சீனத்துப் படத்தொகுப்பின் வரலாறு நல்லதொரு விடையைத் தருகின்றது. ஏனெனில், அங்கே ஒரு நூற்றாண்டுக்குள் தொகுப்பாளரின் எசமானர் மூன்று முறை மாறினர். முதலில் ஷங்ஹாயின் தனியார் கம்பனிகள், பின்னர் குகைகளில் வாழ்ந்த போராளிகள், அதன்பின் அரசு, இறுதியாகச் சந்தை. எசமானர் மாறியபோதெல்லாம் கத்தரிக்கோலின் பொருளும் மாறியது.

தொகுப்பு என்பது யாதென முதலில் தெளிதல் வேண்டும். ஒலிப்படக் காலத்திலே 35 மில்லிமீற்றர் பிலிமில் செக்கனுக்கு 24 படங்கள் ஓடின. ஓர் அடிக்கு 16 படங்கள். ஆயிரம் அடிச் சுருள் ஒன்று திரையிலே பதினொரு நிமிடம் நிற்கும். ஒன்றரை மணி நேரப் படமொன்றுக்கு ஏறத்தாழ எண்ணாயிரம் அடி வேண்டும். எடுக்கப்படுவதோ அதனிலும் பன்மடங்கு. அவற்றுள் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது, எந்தப் படத்தில் வெட்டுவது, ஒலித்தடத்தை எங்கே பொருத்துவது என்பவற்றைத் தீர்மானிப்பதே தொகுப்பாளரின் பணி. முதலிற் படிப்பிரதியை வெட்டி ஒட்டிப் பார்ப்பர். முடிவு செய்தபின்னரே மூல நெகற்றிவில் கத்தரி படும். அங்கே தவறினால் மீட்சியில்லை. அக்காலத்து நைத்திரேற்று பிலிமோ எளிதிலே தீப்பற்றுவது. ஆகவே இது பொறுமையும் அச்சமும் கலந்த தொழிலாகும்.

எனினும் இது வெறுங் கைத்தொழிலன்று. சோவியத்து நெறியாளர் புடோவ்கின் எடுத்துக்காட்டிய பரிசோதனை பலரும் அறிந்ததே. உணர்ச்சியெதுவும் காட்டாத ஒரு நடிகனின் முகம். அதனையடுத்து ஒரு கிண்ணம் சூப்பு. பார்ப்பவர் அவன் பசித்திருக்கின்றான் என்றனர். அதே முகம், அடுத்து ஒரு சவப்பெட்டி. அவன் துயருறுகின்றான் என்றனர். முகம் மாறவில்லை, பக்கத்தில் வைக்கப்பட்டதே மாறியது. இரண்டு காட்சிகளை அருகருகே வைப்பதால் மூன்றாவதாக ஒரு கருத்துப் பிறக்கின்றது. அக்கருத்தைப் பிறப்பிப்பவரைக் கத்தரிக்கோற் கூலியாள் என்று மட்டும் கொள்வது எங்ஙனம் பொருந்தும்?

இவ்வறிவு சீனாவுக்கு வந்த வழி கவனிக்கத்தக்கது. 1905-இல் பீஜிங்கிலே புகைப்பட நிலையமொன்றில் தான் சின்பெய் என்னும் புகழ்பெற்ற நாடக நடிகரின் ஆட்டம் படமாக்கப்பட்டதிலிருந்து சீனச் சினிமாவின் வரலாற்றைத் தொடங்குவர். மேடையில் நிகழ்ந்ததை அசையாது நின்று பார்த்த கமராவுக்குத் தொகுப்பாளர் தேவைப்படவில்லை. 1922-இல் ஷங்ஹாயில் மிங்சிங் கம்பனியும், 1930-இல் லியன்ஹுவா கம்பனியும் தோன்றின. படம் ஒரு வணிகப் பண்டமாயிற்று. படத்தை விரைவாக வெட்டி ஒட்டி முடித்துத் தருபவர் அப்பண்டத்தை ஆக்குந் தொழிலாளருள் ஒருவரானார்.

1931-இல் யப்பான் மஞ்சூரியாவைக் கைப்பற்றியது; 1932-இன் தொடக்கத்திலே ஷங்ஹாய் நகரமும் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. மக்கள் மனநிலை மாறியது. காதற் கதைகளும் வாள்வீரர் கதைகளும் முன்போல் விலைபோகவில்லை. அவ்வேளையிலேதான் மிங்சிங் கம்பனியார் சியா யான் முதலிய இடதுசாரி எழுத்தாளரைக் கதையாலோசகராக அழைத்தனர். கம்பனிக்கு வேண்டியது வருமானம். எழுத்தாளருக்கு வேண்டியது மக்களை அடையும் வழி. இரு நோக்கங்களும் சிறிது காலம் ஒரே பாதையிற் சென்றன. சியா யானும் அவருடைய தோழரும் புடோவ்கினின் எழுத்துகளைச் சீனத்தில் மொழிபெயர்த்தனர். ‘மொந்தாஜ்’ என்ற பிரெஞ்சுச் சொல் ‘மெங்தைசி’ என உருமாறிச் சீன மொழியிலும் குடியேறியது.

கற்ற கல்வி விரைவிலே பயன்பட்டது. 1931-இல் யாங்சி நதி பெருக்கெடுத்து ஊர்களை அழித்தபோது, நெறியாளர் செங் புகாவோ வூஹான் பகுதியின் வெள்ளக் காட்சிகளை நேரிற் படம்பிடித்திருந்தார். சியா யான் அவற்றை மனத்திற்கொண்டு கதையெழுத, 1933-இல் ‘கடும் பெருக்கு’ என்ற படம் வெளிவந்தது. வெள்ளத்தைத் தடுக்கப் போராடும் உழவரையும் அவர்களைக் கைவிட்ட ஊர்ப் பெரிய மனிதரையும் நடிகர்கள் நடித்துக் காட்டினர். அந்நடிப்புக்கிடையே உண்மை வெள்ளம் வந்து பாய்ந்தது. புனைவையும் நிகழ்ச்சியையும் ஒட்டவைத்தது தொகுப்பு மேசையே. 1937-இல் யுவான் முஜி நெறிப்படுத்திய ‘தெருத் தேவதை’ ஷங்ஹாயின் இரவு விளக்குகளையும் உயர்ந்த மாடங்களையும் துண்டு துண்டாகக் காட்டித் தொடங்கி, அவற்றின் அடியில் வாழும் ஏழைகளிடம் நம்மைக் கொண்டு செல்கின்றது. மேலிருந்து கீழிறங்கும் அவ்வரிசையிலேயே ஒரு சமூக விமரிசனம் அடங்கியிருக்கின்றது. அப்படத்தைத் தொகுத்தவர் சியன் சியாவோசாங் என்ற இளைஞர். அவரைப் பின்னரும் சந்திப்போம்.

1937-இல் முழுப்போர் மூண்டது. யுவான் முஜி 1938-இல் யெனானுக்குச் சென்றார். அங்கே அமைந்த திரைப்படக் குழுவினரிடம் இருந்தவை மிகச் சொற்பம். சீனாவிற் படமெடுக்க வந்திருந்த டச்சு நெறியாளர் யோரிஸ் இவென்ஸ் தமது கமராவொன்றையும் சிறிதளவு பிலிமையும் மறைவாக அவர்களுக்கு அளித்துச் சென்றார். அவ்வாண்டு ஒக்ரோபரில் ‘யெனானும் எட்டாவது பாதைச் சேனையும்’ என்ற படத்தின் வேலை தொடங்கியது. குழுவினர் போர்முனைகளுக்குச் சென்று படம்பிடித்தனர்.

எடுப்பதற்குக் கமரா இருந்தது, முடிப்பதற்கு எதுவுமில்லை. பிலிம் கழுவும் கூடமில்லை, ஒலிப்பதிவுக் கருவியில்லை, ஒழுங்கான தொகுப்பு மேசையுமில்லை. 1940-இல் யுவான் முஜியும் இசையமைப்பாளர் சியன் சிங்ஹாயும் படத்தை நிறைவுசெய்யும் பொருட்டு மொஸ்கோவுக்குப் புறப்பட்டனர். 1941-இல் நாசிப் படைகள் சோவியத்து நாட்டினுட் புகுந்தன. குழப்பத்திலே படச்சுருள்கள் தொலைந்தன. சியன் சிங்ஹாய் 1945-இல் மொஸ்கோவிலேயே உயிர்நீத்தார். யுவான் முஜி 1946-இலேதான் தாயகம் திரும்பினார். ஈராண்டு உழைப்பும் இசைமேதை ஒருவரின் இறுதி ஆண்டுகளும் முடிவுபெறாத ஒரு படத்துக்காகச் செலவாயின. படப்பிடிப்பின் பின்னர் வரும் வேலையை உபவேலையென எண்ணுவோர் இந்நிகழ்ச்சியை மனங்கொள்ளுதல் நன்று.

யெனானில் எஞ்சியிருந்தோர் சோர்ந்துவிடவில்லை. தரிசு நிலத்தைப் படைவீரர் விளைநிலமாக்கிய கதையை, ‘நானிவான்’ என வழங்கும் படமாக 1943-இல் ஆக்கினர். ஒலித்தடம் இல்லாத படம் அது. திரையிடும்போது ஒருவர் ஒலிவாங்கியின் முன் நின்று விளக்கவுரை படிப்பார்; மற்றொருவர் கிராமபோனில் இசைத்தட்டுகளை மாற்றுவார். ஒவ்வொரு திரையீடும் ஒரு புதிய ஒலிச்சேர்க்கையாக இருந்தது. முன்பு ஷங்ஹாயில் ‘தெருத் தேவதை’யைத் தொகுத்த சியன் சியாவோசாங் இப்போது இக்குழுவினருள் ஒருவர். ஷங்ஹாயில் அவருடைய கத்தரிக்கு முதலாளி இருந்தார். யெனானிலே கத்தரி இருந்தது, வெட்டுவதற்குப் பிலிம் இல்லை.

இதே ஆண்டுகளில், வடகிழக்கே சாங்சுன் நகரத்தில் நிலைமை முற்றிலும் வேறாக இருந்தது. யப்பானிய ஏகாதிபத்தியம் தனது பொம்மை அரசின் பிரசாரத்துக்கென 1937-இல் மஞ்சூரியத் திரைப்படக் கழகத்தை அமைத்தது. ஆசியாவின் மிகப் பெரிய ஸ்ரூடியோக்களுள் ஒன்று அது. கமராக்கள், கழுவுங் கூடங்கள், ஒலிப்பதிவுக் கூடங்கள், தொகுப்பறைகள் யாவும் அங்கிருந்தன. கலைக்கு வேண்டிய அனைத்தும் இருந்தன. அவை பணிபுரிந்ததோ ஆக்கிரமிப்புக்கு.

அங்கே தொகுப்பறையில் அமர்ந்திருந்தவருள் ஒருவர் கிஷி புமிக்கோ என்ற யப்பானியப் பெண். 1920-இற் பிறந்தவர், பதினைந்தாவது வயதிலேயே கியோத்தோ நகரத்துப் படக்கம்பனியொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். 1937-இல் வெளிவந்த யப்பானிய-ஜேர்மானியக் கூட்டுப் படமொன்றில், ஜேர்மனியிலிருந்து வந்த பெண் தொகுப்பாளர் ஒருவருக்கு உதவியாளராகப் பணிபுரிந்து தொழில் நுணுக்கங்களைக் கற்றார். 1939-இற் சாங்சுனுக்கு வந்தார். அவர் அரசியல்வாதியல்லர், வேலை தேடி வந்த உழைப்பாளி. ஆனால் அவர் ஒட்டிய பிலிம் ஆக்கிரமிப்பாளரின் பிலிம். உழைப்பாளி தன் உழைப்பின் பயனைத் தீர்மானிக்க இயலாதபோது, அவனுடைய திறமையே அவனுக்கு எதிராகவும் உலகுக்கு எதிராகவும் திரும்பக்கூடும் என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1945 ஓகஸ்ட் மாதத்தில் யப்பான் சரணடைந்தது. கழகத் தலைவர் அமக்காசு நஞ்சருந்தி மாண்டார். ஒக்ரோபர் முதலாந் திகதி அதே இடத்தில் வடகிழக்குத் திரைப்படக் கம்பனி உருவாயிற்று. யெனானிலிருந்து ஸ்ரூடியோவைப் பொறுப்பேற்க அனுப்பப்பட்டோருள் சியன் சியாவோசாங்கும் ஒருவர். 1946 மேயிற் கோமிந்தாங் படைகள் சாங்சுனை நெருங்கவே, கருவிகளைப் புகைவண்டிகளில் ஏற்றிக்கொண்டு வடக்கே சிங்ஷான் என்ற நிலக்கரிச் சுரங்க ஊருக்கு இடம்பெயர்ந்தனர். அவர்களுடன் சென்றோருள் யப்பானியத் தொழில்நுட்பவியலாளர் பலரும் குடும்பங்களோடு இருந்தனர். கிஷி புமிக்கோவும் சென்றார். நெறியாளர் உச்சிடா தோமுவும், பின்னர் சீனப் பொம்மலாட்டப் படத்துக்கும் அசைவுப் படத்துக்கும் அடித்தளமிட்ட மொச்சினாகா தடாஹித்தோவும் அவ்வாறே சீனாவில் தங்கினர்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். பதினான்கு ஆண்டுகளாக அந்நாட்டை மிதித்த நாட்டினர் இவர்கள். அவர்களிடம் கற்பதா என்ற எண்ணம் எழாதிருந்திருக்காது. ஆயினும், இயந்திரங்களைக் கைப்பற்றுவதனால் மட்டும் தொழில் கைவராது என்பதைப் புதிய ஸ்ரூடியோவைக் கட்டியோர் உணர்ந்திருந்தனர். மேசையைத் தூக்கிச் செல்லலாம். மேசையில் அமர்ந்தவரின் விரல்களுக்குள் இருக்கும் அறிவை எப்படித் தூக்கிச் செல்வது? அதற்கு ஒரே வழி, அவரை ஆசிரியராக ஏற்று அருகிலமர்ந்து கற்பதே.

சிங்ஷானிற் கிஷி புமிக்கோ தொகுப்பாளராக மட்டுமன்றி ஆசிரியராகவும் பணியாற்றினார். சீன இளைஞருக்குத் தொகுப்புக் கலையைப் பயிற்றினார். அக்காலத்தில் ‘சனநாயக வடகிழக்கு’ என்ற செய்திப்பட வரிசை 1947 முதல் 1949 வரை 17 தொகுதிகளாக வெளிவந்தது. போர்முனையிலிருந்து வந்த சுருள்களே அதன் மூலப்பொருள். அவ்வேலையில் ஈடுபட்ட ஒளிப்பதிவாளர் மூவர் 1948-இற் களத்தில் உயிர்துறந்தனர். இறந்தவனின் கமராவிலிருந்து வந்த பிலிமைக் கழுவி, கண்டு, வெட்டி, ஒட்டும் பொறுப்பு எத்தகையது என்பதை நாம் ஊகித்தறியலாம். அங்கே ஒரு முழத்தையும் வீணென்று குப்பையில் எறிந்துவிட முடியாது.

இக்கதையை வெறும் நட்புறவுக் கதையாகக் கூறிவிடுதல் நேர்மையாகாது. சிங்ஷான் ஆண்டுகளில், ஆட்குறைப்பு என்ற பெயரால் யப்பானியருள் ஒரு பகுதியினர் ஸ்ரூடியோவிலிருந்து விலக்கப்பட்டுக் கடும் உடலுழைப்புக்கு அனுப்பப்பட்டனர். கிஷி புமிக்கோவும் அவர்களுள் ஒருவர். குளிரும் பசியும் நிறைந்த அந்நாட்களை அவர் பிற்காலத்திற் கசப்போடு நினைவுகூர்ந்தார். தேவைப்பட்டபோது திரும்ப அழைக்கப்பட்டார். திறமையைப் போற்றுவோரும் மனிதரை மறந்துவிடக்கூடும். உயர்ந்த குறிக்கோள் உடையோருக்கும் இத்தவறு நேர்வதுண்டு. இதனை மறைப்பதால் அக்குறிக்கோளுக்குப் பெருமை சேராது.

திரும்பி வந்தவர் ‘பாலம்’ என்ற கதைப்படத்தைத் தொகுத்தார். சொங்ஹுவா ஆற்றின் புகைவண்டிப் பாலத்தைச் செப்பனிடும் தொழிலாளரைப் பற்றிய அப்படம் 1949-இல் வெளிவந்தது. புதிய சீனத்தின் முதற் கதைப்படமாக அது கொள்ளப்படுகின்றது. அடுத்து, வாங் பின்னும் சுய் ஹுவாவும் நெறிப்படுத்திய ‘வெண்கூந்தற் பெண்’. நிலப்பிரபுவின் கொடுமைக்குத் தந்தையைப் பறிகொடுத்து, மலைக்குகையில் ஒளிந்து வாழ்ந்து, இளமையிலேயே தலை நரைத்த உழவன் மகளின் கதை அது. யெனானில் 1945-இல் இசைநாடகமாகப் புகழ்பெற்றிருந்ததை 1950-இற் படமாக்கினர். இசைநாடக மேடையிலே பாட்டால் நிரப்பப்பட்ட ஆண்டுகளைத் திரையிற் சில நிமிடங்களுக்குள் அடக்குதல் வேண்டும். கருங்கூந்தல் வெண்கூந்தலாகும் காலத்தைப் பார்ப்பவர் நம்பவும் வேண்டும். இது நடிகையால் மட்டுமோ ஒளிப்பதிவாளரால் மட்டுமோ தீர்க்கக்கூடிய சிக்கலன்று. காலத்தைச் சுருக்குவது தொகுப்பாளரின் வேலை. அப்படம் 1951-இற் கார்லோவி வாரி திரைப்பட விழாவிற் சிறப்புப் பரிசு பெற்றது. சீன உழவர் அதனைக் கண்டு கண்ணீர் விட்டனர். நிலப்பிரபுவாக நடித்த சென் சியாங்கை வெறுத்தனர்.

அக்கண்ணீரை வருவித்த வெட்டுகளுட் பல ஒரு யப்பானியப் பெண்ணின் கைகளிலிருந்து வந்தவை என்பது அவ்வுழவருக்குத் தெரியாது. திரையிலே அவருடைய பெயர் ‘ஆன் புமெய்’ என்ற சீனப் பெயராகவே காணப்பட்டது. மொச்சினாகாவும் ‘பாங் மிங்’ ஆனார். போர்க் காயம் ஆறாத நாட்டில் யப்பானியப் பெயரைத் திரையிற் காட்டுவதில் இருந்த சங்கடத்தை நாம் புரிந்துகொள்ளலாம். ஆயினும் நியாயம் வேறு, சங்கடம் வேறு. 1953-இல் கிஷி புமிக்கோ யப்பானுக்குத் திரும்பினார். சீனாவிலிருந்து வந்தோரைச் சிவப்பு நிறத்தினரென ஐயுற்ற காலம் அது. பெரிய கம்பனிகளின் வாயில் திறக்கவில்லை. சிறிய சுதந்திரத் தயாரிப்பாளரின் படங்களிற் பணிபுரிந்தார். ஒரு நாட்டிலே பெயர் மாற்றப்பட்டது. மறு நாட்டிலே வேலை மறுக்கப்பட்டது. தமது வாழ்க்கையை அவர் கூறிய நூல் வெளிவந்தது 2015-இல். அப்போது வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. 2019-இற் காலமானார்.

அவர் விட்டுச்சென்றது யாது? பயிற்றப்பட்ட ஒரு தலைமுறை. வடகிழக்கு ஸ்ரூடியோவிற் பயின்றோர் நாட்டின் பிற ஸ்ரூடியோக்களுக்கும் பரவினர். சியன் சியாவோசாங் மத்திய செய்திப்பட ஸ்ரூடியோவின் தலைவராக உயர்ந்தார். தொகுப்பறையிலிருந்து வந்த ஒருவர் ஸ்ரூடியோவை நடத்தினார் என்பது சிறு செய்தியன்று. 1949-இற் பீஜிங்கிலும் ஷங்ஹாயிலும் அரசு ஸ்ரூடியோக்கள் எழுந்தன. 1953 அளவில் ஷங்ஹாயின் தனியார் கம்பனிகள் யாவும் அரசுடைமையாயின. வடகிழக்கு ஸ்ரூடியோ 1955-இற் சாங்சுன் ஸ்ரூடியோ எனப் பெயர் பெற்றது. தொகுப்பாளர் மாதச் சம்பளம் பெறும் நிரந்தர ஊழியரானார். உதவியாளராகச் சேர்ந்து, மூத்தவரிடம் ஆண்டுக்கணக்கிற் பயின்று, பின்னர் தாமே மேசையில் அமரும் முறை வேரூன்றியது. நாளைய உணவுக்கு அஞ்சாது கற்கவும் கற்பிக்கவும் அம்முறை இடந்தந்தது.

அதன் குறையையுஞ் சொல்லுதல் வேண்டும். மேசை தொகுப்பாளருக்குரியதாயினும், இறுதி வெட்டு வேறோரிடத்தில் தீர்மானிக்கப்பட்டது. 1951-இல் ‘வூ சுன்னின் வாழ்க்கை’ என்ற படத்துக்கெதிராக நாடளாவிய கண்டன இயக்கம் நடந்தபின் படத்தயாரிப்பே சுருங்கியது. 1966-இன் பின்னர் சில ஆண்டுகள் கதைப்படங்கள் ஏறக்குறைய நின்றே போயின. வேலைக்குப் பாதுகாப்பு இருந்தது. வேலையின் பொருளுக்குப் பாதுகாப்பு இல்லை.

1993-இல் விநியோகத்தில் அரசு நிறுவனத்துக்கிருந்த தனியுரிமை நீக்கப்பட்டது. ஸ்ரூடியோக்கள் சந்தையிலே தம் வழியைத் தேடவேண்டியதாயிற்று. நிரந்தர ஊழியம் குறைந்து, படத்துக்குப் படம் ஒப்பந்தத்தில் ஆள் அமர்த்தும் முறை வந்தது. பிலிமும் பசையும் போய்க் கணினி வந்தது. வெட்டியதை மீண்டும் ஒட்டலாம், நூறு முறை மாற்றலாம். இதனால் வேலை எளிதாயிற்று என எண்ணுதல் தவறு. மாற்றுவது எளிதானதால் மாற்றச் சொல்வோரும் பெருகினர், காலக்கெடுவோ குறுகியது. சீனத் தொகுப்பறைக்கு அயல்நாட்டார் மீண்டும் வந்தனர். சியா சாங்கே நெறிப்படுத்திய ‘பாவத்தின் தீண்டல்’ என்ற படத்தைப் பிரெஞ்சுக்காரரான மத்தியூ லக்லோவும் சீனரான லின் சூதோங்கும் தொகுத்தனர். 2013-இல் தாய்வானின் தங்கக் குதிரை விருது அத்தொகுப்புக்குக் கிடைத்தது. அவர்களுடைய பெயர் அவர்களுடைய பெயராகவே திரையில் நின்றது. இது வளர்ச்சியே. ஆனால் அப்படம் சீனப் பெருநிலத்தின் திரையரங்குகளுக்கு வரவில்லை. கத்தரி இன்னும் பல கைகளில் இருக்கின்றது.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இனி வருவோம். கூலி கொடுத்து ஒருவரின் நாட்களை வாங்கலாம். சாங்சுனை ஆண்ட ஆக்கிரமிப்பாளர் அதனைத்தான் வாங்கினர். தொகுப்பறைகள் நிறைந்திருந்தும், நிலைத்து நிற்கும் படமெதுவும் அங்கே பிறந்ததாக வரலாறு போற்றவில்லை. சிங்ஷானிலோ வசதியேதும் இல்லை. அங்கே தொகுப்பாளர் ஆசிரியரானார், அவருடைய அறிவு பிறரிடம் சென்று பெருகியது. ஆகவே, திறமையை விலைக்கு வாங்குவோர் படமொன்றைப் பெறுகின்றனர். அதனைக் கற்றுக்கொள்வோர் ஒரு கலையையே பெறுகின்றனர். இன்றைய ஒப்பந்த முறையில் நாம் அஞ்சுவது இதற்காகவே. படம் முடிந்ததும் தொகுப்பாளர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாராயின், அவரருகில் அமர்ந்து கற்கும் இளைஞன் எங்கே?

நியாயமான கூலி, கற்பிப்பதற்கு அவகாசம், சொந்தப் பெயர் ஆகிய மூன்றையும் எந்தத் தொழிலாளியும் கேட்கும் உரிமையுடையவன். கிஷி புமிக்கோவுக்கு இவற்றுள் இரண்டாவது மட்டுமே ஓரளவு கிடைத்தது. அதைக்கொண்டே அவர் ஒரு நாட்டின் திரைக்கலைக்கு அடித்தளமிட உதவினார். ‘வெண்கூந்தற் பெண்’ணைப் பார்க்கும் வாய்ப்பு வாசகருக்குக் கிடைப்பின், பெயர்ப் பட்டியலில் ‘ஆன் புமெய்’ என்ற பெயர் வருமிடத்தில் அப்பெண்ணை நினைவுகூர்தல் வேண்டும். வகுப்பறையில் அப்படத்தைப் பற்றிப் பேசும் ஆசிரியர், நடித்தவர் பெயரோடும் நெறிப்படுத்தியவர் பெயரோடும் நிறுத்திவிடாது, அவருடைய உண்மைப் பெயரையும் மாணவருக்குச் சொல்வாராக.